கீழ்வேளூர் மாட்டுக்கொட்டகைப் போர்

மகாஜனங்களே, உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இதைச் சொல்கிறேன்.

இன்று காலை கீழ்வேளூர் பக்கம், வயலோரத்தில் கூரை சரிந்த ஒரு மாட்டுக்கொட்டகை. அடடா, என்ன அழகு! கேமராவில் ஒரு படம் எடுத்தேன்.

அவ்வளவுதான். கொட்டகைக்காரம்மா கடப்பாரையோடு பாய்ந்தார். முதல் வீச்சில் தென்னை முறிந்தது. அடுத்த வீச்சில் என் தலை கழன்று வாய்க்காலில் விழுந்தது. வாத்துகள் அதைக் கொத்தின. மிச்ச உடம்பை மாடு முட்டிக் கும்பகோணத்துக்குத் தூக்கி எறிந்தது.

"நாளைக்கு எம்பொண்ணைப் பார்க்க வர்றாங்க. இதை ஃபேஸ்புக்ல பார்த்தா பாதி வழியிலயே திரும்பிடுவாங்க. அழிங்க!"

"இடிஞ்சதுலயும் ஒரு அழகு இருக்கும்மா," என்றது வாய்க்காலில் கிடந்த என் தலை.

"அப்படியா? உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க. வந்து இடிச்சுத் தர்றேன். நாள் பூரா நின்னு படம் எடுத்துக்குங்க."

உடனே படத்தை அழித்துவிட்டேன்.

தென்னை, வாத்து, மாடு எல்லாம் என் புளுகு. கடப்பாரை என்றது வெறும் துடைப்பம். அந்த அம்மா விலாசம் கேட்டது மட்டும் நிஜம். நான் கொடுக்கவில்லை.

இடிந்த வீட்டின் அழகை ரசிப்பவர்கள் தங்கள் விலாசத்தைக் கீழே எழுதலாம். அவரிடம் சேர்ப்பது என் பொறுப்பு.