முன்வரிசை வலது கால்

சிங்கப்பூரிலிருந்து ஸ்பெயினுக்குப் போன எங்கள் சுற்றுலாக் குழுவில் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வட்டாரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. தினமும் எல்லோருக்கும் முன்பே ஏறி, முன்வரிசையில் வலப்பக்கம் உட்கார்ந்துவிடுவார். நம் ஊரில் அது ஓட்டுநரின் பக்கம். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் இவருடைய வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் தரையை அழுத்தும்.

மூர் இன முஸ்லிம்கள் ஆண்ட காலத்து மலையுச்சி ஊர் ஒன்றுக்குப் போனோம். வெள்ளைச் சுவர்கள், குறுகலான சந்துகள். எதிரிப் படை சுலபமாக நுழைந்துவிடக் கூடாதென்று அப்படிக் கட்டினார்கள் என்றார் வழிகாட்டி.

“ஊர் எப்படிண்ணே?” என்று பாசிர் ரிஸ்காரரிடம் கேட்டேன்.

“நல்லாத்தான் கட்டியிருக்காங்க. பஸ்ஸத்தான் திருப்ப முடியாது லா.”

அலைச்சறுக்குக் கடற்கரையைப் பார்க்க மலையிலிருந்து இறங்கும்போது, சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்டிய வேன் ஒன்று வளைவில் திடீரென எதிரே வந்தது. எங்கள் பேருந்து குலுங்கி நின்றது. நாங்கள் எல்லோரும் வேன்காரனைத் திட்டினோம். பேருந்தை ஓட்டிய ஸ்பானியர் மட்டும் திரும்பி, இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்த இவருடைய வலது காலைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இவருக்கு வெட்கமாகிவிட்டது. தொடையைத் தட்டியபடி என்னிடம், “ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. இதுக்கு இன்னும் தெரியல லா,” என்றார்.

அவர் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. சிராங்கூன் சாலையில் மாடிப் பேருந்தில் ஏறினால், மேல்தளத்தில் முன்வரிசை வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.