நாற்பது நிமிஷம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. வீடு குரும்பலூர்ப் பக்கம். இடையில் இருந்த எட்டு கிலோமீட்டரை நாற்பது நிமிஷத்தில் ஓடிவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்திருந்தது. யாரும் போட்டி வைக்கவில்லை, பரிசும் கிடையாது. எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய், இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஓடுவேன். எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிதான் முடிவு. நாற்பத்தாறில் ஆரம்பித்து நாற்பத்தொன்றுக்கு வந்து, அங்கேயே இரண்டு மாசம் முட்டிக்கொண்டு நின்றேன். "கண்டக்டரோட சண்டையா? பஸ்ஸை விட்டுட்டு ஓடுறியே" என்று ஆபீசில் கேலி செய்வார்கள்.

அப்பாவுக்கு அது கேலியாகப் படவில்லை. ஊர்ப் பெரிய வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களின் ஊர்களுக்கு ஓடிப்போய்ச் சேதி சொல்வது எங்கள் குடும்பத்து வேலை. செந்துறை வரைக்கும் அப்பா கால்நடையாகவே போயிருக்கிறார். வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, போடுகிற நெல்லைத் துண்டில் வாங்கிக்கொண்டு வருவார். நான் வேலையில் சேர்ந்த மாசமே இனி ஓடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். "என்னைய ஓடாதன்னுட்டு நீ ஓடுறியேடா" என்பார். அவருடைய ஓட்டமும் என்னுடையதும் ஒன்றில்லை என்பதில் எனக்கு அவ்வளவு திமிர்.

அந்த ஞாயிறு கால்கள் சொன்னபடி கேட்டன. பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை. நெஞ்சு எரிந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊருக்குள் நுழையும்போது முப்பத்தேழு நிமிஷம்.

பெரிய வீட்டுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நடுரோட்டுக்கே வந்துவிட்டார். "டேய், ஐயா தவறிட்டாராடா?"

பெரிய வீட்டுக்காரர் நான்கு நாளாக டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கும் தெரியும். சேதிக்காரன் மகன் டவுனிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தால் ஊர் என்ன நினைக்கும் என்றுதான் யோசிக்கவில்லை. நின்று பேசினால் நிமிஷம் போய்விடும். அந்த 'டேய்' வேறு சுருக்கென்று குத்தியது. எனக்குத் தெரியாது என்று கையை விரித்துக் காட்டிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

விரித்த கையை அவர் எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு பெரிய வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். நூறு அடி போயிருக்க மாட்டேன், முதுகுக்குப் பின்னால் பெரிய வீட்டுப் பெண்கள் "ஐயோ" என்று ஓங்கி அலறினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. ஓடினேன்.

தொட்டியைத் தொட்டபோது முப்பத்தொன்பதரை. குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனைத் தாண்டி யாரோ ஓடினார்கள். நிமிர்ந்தால், அப்பா. அழுகைச் சத்தம் கேட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அறுபது வயசில் வெறுங்காலோடு பெரிய வீட்டுக்கு ஓடுகிறார். "அப்பா, நில்லுப்பா" என்றேன். குரல் எழும்பவில்லை. பின்னால் ஓடினேன், என் கால்களில் ஒன்றும் மிச்சமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்று, எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா உசுரோடதான் இருக்காருங்க. நான் சும்மா ஓடுனேன்" என்றேன். அழுகை நின்றது. அப்புறம் விழுந்த வசவுகளை எழுத மாட்டேன். அத்தனையையும் அப்பா தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

"பய தெரியாம பண்ணிட்டானுங்க. பெரிய மனசு பண்ணுங்க."

என்னைப் பிடித்துத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அலறல் காதில் விழுந்த பிறகும் நான் ஓடினேன் என்பதை அப்பா சாகும்வரை அவரிடம் சொல்லவில்லை.