அண்ணன் வண்டிக்கு நான் மாட்டிய பல்பு

அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இலையில் உட்காரும் முன் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். உங்களில் பாதிப் பேர் அண்ணனைக் குடிகாரர் என்று பேசியிருக்கிறீர்கள். அது பொய். பொய் என்று சொல்ல எனக்கு மூன்று வருடமாக வாய் வரவில்லை.

அண்ணன் வெண்ணந்தூரில் பிறந்தார். குடித்துக் குடித்தே அப்பா போய்விட்டதால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிப் பட்டறையில் சேர்ந்தார். விசைத்தறி பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். இளம்பிள்ளையிலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் ஸ்பானர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னை லாரி லைசென்ஸ் எடுக்க வைத்தவரும் அவர்தான். அப்பாவைக் கொண்டுபோன சனியனை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அந்த வண்டியின் ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் ஆனது. அண்ணன் அதைக் கழற்றிக் காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதே மாதிரி வாங்கி வருகிறேன் என்று ராசிபுரம் புறப்பட்டார். நான் அன்றுதான் லாரியைப் புதுச்சத்திரத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன். எங்களைப் போன்ற லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எது உடைந்தாலும் கடைக்குப் போகமாட்டோம், லாரி டூல் பாக்ஸைத்தான் திறப்போம்.

"எதுக்குங்ணா அவ்வளவு தூரம்? எங்கிட்டப் புது பல்பு கெடக்குது. இதே மூணு காலுதான்."

"வோல்ட்டு அது இதுன்னு ஏதோ பாக்கோணுமே சாமி."

"பதினாலு வருசமா லாரி ஓட்றேன். எனக்கே சொல்றீங்களா?"

மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டதும் மஞ்சளாக எரிந்தது. அண்ணன் உள்ளங்கையை விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, "மங்கலா இருக்குதே" என்றார். "பேட்டரி வீக்குங்ணா. ஓட ஓட ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன்.

நான்காம் நாள், இருட்டு கட்டும் நேரத்தில் இளம்பிள்ளையிலிருந்து திரும்பியவர், ரோட்டில் கொட்டியிருந்த ஜல்லி தெரியாமல் அதில் ஏறி, பாலத்தின் ஓரமாக ஓடைக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. தூக்க வந்தவர்களில் யாரோ பக்கத்தில் ஒரு பாட்டிலைப் பார்த்திருக்கிறார்கள். பாட்டில் கிடக்காத ஓடை நம் பக்கம் எங்கே இருக்கிறது? விடிவதற்குள் வீடு வீடாகச் செய்தி போய்விட்டது.

மறுநாள் வண்டியை எடுத்துவர நான் போனேன். விளக்கு உடையவில்லை. ஸ்விட்சைப் போட்டேன், அதே மஞ்சள். பல்பைக் கழற்றிக்கொண்டு ராசிபுரம் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் படித்தார்.

"இது இருபத்துநாலு வோல்ட்டுங்க, லாரிக்குப் போடறது. உங்க வண்டி பன்னெண்டு. காலு ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா பாதி வெளிச்சங்கூட வராது. இத யாருங்க மாட்டுனது?"

"தெரியலீங்க" என்றேன். "நல்லா வெளிச்சமா எரியறதாக் குடுங்க. நூறு வாட்ஸ் இருக்குதுங்களா?"

"இருக்குது. பழைய வண்டிக்கு வேண்டாமுங்க, ஹோல்டர் உருகிரும், ஒயரும் தாங்காது. வெள்ளை எல்இடி போட்டா எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்கும். வண்டியோட வந்த அளவையே போடுங்க, பன்னெண்டு வோல்ட், அறுபது அம்பத்தஞ்சு வாட்ஸ். கண்ணாடியக் கையில தொடாம மாட்டுங்க."

அவர் சொன்னபடியே மாட்டினேன். லாரி பல்பை வழியில் ஒரு கிணற்றில் வீசினேன். அதைப்பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். அண்ணியின் அண்ணன், "இனிமேலாச்சும் அந்தக் கருமத்த உட்டுருங்க மாப்ள" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரிங்க மச்சான்" என்றார் அண்ணன். செய்யாத தப்பை எல்லார் முன்னாலும் தலையில் ஏற்றுக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் கேட்டார்.

"லைட்டு மாத்திட்டியா சாமி?"

"மாத்திட்டனுங்ணா."

"இப்ப நல்லா எரியுதா?"

கால் தேறியதும் அதே வண்டியில் வேலைக்குப் போனார். போன வருடம் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த ஒருவர் என் காதுபடவே "குடிச்ச உடம்பு, எத்தன நாளைக்குத் தாங்கும்" என்றார். அப்போதும் நான் பேசவில்லை. நானெல்லாம் ஒரு தம்பி.

அன்று ஓடையில் இறங்கி அண்ணனைத் தூக்கியவர்களுக்கும், காலுக்குக் கம்பி வைத்த மருத்துவருக்கும், அவர் நடக்க முடியாத மாதங்களில் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் காத்திருந்த தறிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். காறித் துப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நானும் நம்பிட்டனுங்களே தம்பி" என்றார். "உழுந்ததுக்கப்புறம் ரெண்டு வருசம், அவரு வேலைக்குப் போயிட்டு வந்தா வாசல்ல வெச்சே வாயை மோந்து பாப்பேன். ஒருநாளு கோவிக்கல. மோந்து முடிக்கிற வரைக்கும் நின்னுட்டுத்தான் ஊட்டுக்குள்ள வருவாரு."

அதையும் இதில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.