சுர்ருன்னு இருக்குதுங்க

என் இடது காலைப் பற்றி நான் சொன்ன பொய்யை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊசி போட்ட அம்மா மேல் ஒரு குற்றமும் கிடையாது. குற்றமெல்லாம் என் வாய் மேலதான்.

இராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போகும் தனியார் பஸ்ஸுக்கு நான் பத்தொன்பது வருஷம் டிரைவர். கழுத்தும் இடுப்பும் போட்டி போட்டுக்கொண்டு வலித்தன. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகில் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். “இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆனா கால் மரத்துப்போச்சுன்னா ஒரு நாள்கூடத் தள்ளாம ஓடி வந்துடுங்க” என்றார். எனக்கு ஆபரேஷன் என்ற ஒரே சொல்தான் காதில் விழுந்தது. முதுகைக் கிழித்துக்கொண்டவன் கையில் எந்த ஓனர் பஸ்ஸைக் கொடுப்பான்? அந்த சீட்டை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், மண்ணாங்கட்டி!

யாரோ சொல்லி, வீட்டுக்காரியும் நானும் அயோத்தியாப்பட்டணத்தில் அக்குபஞ்சர் பார்க்கும் ஓர் அம்மாவிடம் போனோம். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, முடி மாதிரி மெல்லிசான ஊசியைக் கையிலும் காலிலும் வைத்தார். நம்பினால் நம்புங்கள், நாலாவது தடவையிலேயே கழுத்து இளகிவிட்டது. கண்ணாடி பார்க்க உடம்பையே திருப்பிக்கொண்டிருந்தவன் கழுத்தை மட்டும் திருப்பினேன். இடுப்புக்கும் கொஞ்சம் தேவலைதான்.

ஒவ்வொரு ஊசிக்கும் அந்த அம்மா கேட்பார், “சுர்ருன்னு தெரியுதுங்களா? தெரியலைன்னா மறைக்காம சொல்லிடணும்.” நான் “ஸ்ஸ், ஆமாங்க” என்பேன். பக்கத்து ஸ்டூலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரி “அப்பாடா” என்று மூச்சு விடுவாள். கால் மரத்துப்போனால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. என் முகச்சுளிப்புத்தான் அவளுக்கு நிம்மதி.

ஒரு நாள் இடது கால் பெருவிரல் பக்கம் அந்த அம்மா ஊசி வைத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஊசியை வைத்தாரா, சும்மா தொட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். திரும்பினேன், வீட்டுக்காரி முகம் எதிரே இருந்தது. “ஸ்ஸ்” என்றேன். “சுர்ருன்னு இருக்குதுங்க.” “அப்பாடா” என்றாள் அவள்.

அப்புறம் ரெண்டு மாசம் அந்த நாடகம்தான். அந்த அம்மாவின் விரல் காலுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சரியாக முகத்தைச் சுளிக்கப் பழகிக்கொண்டேன். ஒரு தடவை சேலத்தில் இறங்கும்போது கண்டக்டர், “ஏனுங்ணா, ஒத்தச் செருப்போட எங்க கெளம்பிட்டீங்க?” என்று சிரித்தான். இடது செருப்பு கிளட்ச் அடியிலேயே கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே, எருமை!

ஆட்டையாம்பட்டி ஸ்டாப்பில் முடிந்தது எல்லாம். முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஆள் ஏறக் காத்திருந்தேன். மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். கால் எனக்குத் தெரியாமலே நழுவிப் பக்கத்துத் தகரத்தில் விழுந்திருக்கிறது. பஸ் துள்ளிப் பாய்ந்தது. படியில் ஒரு கால் வைத்திருந்த பள்ளிக்கூடத்துப் புள்ளையைக் கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். அவன் மட்டும் அன்றைக்கு அசந்திருந்தால்? அதை என்னால் இப்போதும் நினைக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். “எப்பலேருந்து மரப்பு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். “மரப்பெல்லாம் கெடையாதுங்க டாக்டர். போன வாரங்கூட ஊசி வைக்கறப்போ துடிச்சாருங்க. நாந்தான் பக்கத்துலயே இருந்தனே.”

எனக்காகச் சாட்சி சொல்கிறாள் பாவி மனுஷி. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு மாசமாச்சுங்க” என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், நாலு அறைகூட விட்டிருக்கலாம்.

ஆபரேஷன் ஆகி ஏழு மாசம். இடுப்பு வலி போய்விட்டது. கால் மட்டும் வரவில்லை. நடந்தால் முன்பாதம் தரையில் இழுபடுகிறது. என் பஸ்ஸை வேறு ஆள் ஓட்டுகிறான். அதன் ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, “சீக்கிரமே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

தினமும் காலையில் வீட்டுக்காரி என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றி, விரல் விரலாகக் குத்திப் பார்ப்பாள். “தெரியுதுங்களா?” “இல்ல அம்மிணி.” அவ்வளவுதான் பேச்சு. நேற்றைக்கு முந்தின நாள் அப்படிக் குத்தும்போது அவள் அழுததைப் பார்த்துவிட்டேன். என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று, “கண்ணை மூடிக்குங்க” என்றாள். மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, முகத்தைச் சுளித்து, “ஸ்ஸ்... சுர்ருன்னு இருக்குது அம்மிணி” என்றேன்.

கண்ணைத் திறந்தேன்.

“நான் இன்னும் ஊக்கையே கழட்டலீங்க” என்றாள்.