கல்லறைக் கல்லில் ஒரு பெயர்

1. குளச்சலில் டச்சுக்காரர்கள் வந்திறங்கிய கரையைப் பார்க்கிறேன்.
2. பக்கத்தில் ஓர் இடிந்த தேவாலயம். அங்கே பாசி மூடிய கல்லறை ஒன்றில் தமிழ் எழுத்து தெரிகிறது.
3. வாசிப்பதற்காகக் கம்பி பிரஷால் தேய்க்கிறேன். பாசியோடு கல்லும் மாவாக உதிர்கிறது.

மெழுகுவர்த்தியோடு வந்த ஓர் அக்கா அப்படியே நின்றுவிடுகிறார்.

"ஏட்டி, என்னத்தச் செய்த? எனக்க பாட்டாவுக்க கல்லாக்கும் அது!"

"எழுத்து சரியா தெரியலக்கா, அதான்…"

"தண்ணி ஊத்தினா தெளிஞ்சிருக்குமே மக்கா. வருசாவருசம் அப்படித்தான அவருக்க பேர வாசிப்போம்."

சிவில் இன்ஜினியரிங் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

அவர் பாட்டில் தண்ணீரைக் கல்மேல் ஊற்றிக் குனிந்து பார்க்கிறார். ஊரும் வருடமும் தெளிகின்றன. பெயர் இருந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. தேய்ப்பதற்கு முன் நான் படம் எடுக்கவில்லை.