பதினாலு இஞ்ச்காரர்

காரின் முன்மூலையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்குகிறார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு எண்ணுகிறார். "ஒண்ணு... ரெண்டு... ரெண்டரை. ஷாக் அப்சார்பர் போச்சு."

கார் அவருடையது அல்ல. சொந்தக்காரர் கையில் பால் பாக்கெட்டோடு சாலையைக் கடந்து ஓடிவருகிறார். நம்மவர் அசரவில்லை. "அமுக்குனா ஒரு தடவ எந்திரிச்சு கம்முனு நிக்கணும் சார். உங்க வண்டி போறவன் வர்றவனுக்கெல்லாம் தலையாட்டுது." ஓடிவந்தவர் திட்ட வாயெடுத்து, யோசித்து, தானும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறார். இப்படித்தான் இந்த வியாதி ஊரில் பரவுகிறது.

அவர் அமுக்கிப் பார்க்காத வண்டி இந்த வட்டாரத்தில் மிகக் குறைவு. பள்ளிக்கூட வேன், தண்ணீர் லாரி, போலீஸ் ஜீப் எல்லாம் ஆயிற்று. ஜீப்பை அமுக்கியபோது உள்ளே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சொந்தப் பெரியப்பாவின் இறுதி ஊர்வலத்தில் அமரர் ஊர்தியின் பின்மூலையை அமுக்கிவிட்டு, அழுதுகொண்டிருந்த பெரியம்மாவிடம் போய், "அருமையான செட்டிங் பெரியம்மா. பெரியப்பாவுக்கு ஒண்ணும் அலுங்காது" என்று ஆறுதல் சொன்னார். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டார். ஆறுதல் என்று சொல்ல முடியாது, அதிர்ச்சி.

பிழைப்புக்கு மெத்தை விற்கிறார். கடைவீதி முனையில் இருக்கும் பெரிய மெத்தைக் கடையில் பதினோரு வருட அனுபவமுள்ள விற்பனையாளர். சட்டைப் பையின் மேல் 'உறங்குங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று நூலால் தைத்திருக்கும். புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்து மெத்தையில் வெட்கப்பட்டு உட்கார்ந்தால், இவர் முழங்காலால் மறுமூலையை அமுக்குவார். "பாத்தீங்களா? நான் குதிக்கிறேன், உங்களுக்குத் தெரியல. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனி. இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். இவரு ராத்திரி பூரா புரண்டாலும் உங்களுக்கு நியூஸே வராதும்மா." பெண் வாங்கலாம் என்பாள். மாப்பிள்ளை யோசிப்பார்.

கடையை விட்டு வந்ததும் அவருடைய உண்மையான வாழ்க்கை ஆரம்பிக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துத் தகர ஷெட்டில், நான்கு மரக்கட்டைகளின் மேல், மூன்று கை மாறி வந்த ஒரு பிக்கப் வண்டி நான்கு வருடமாக நிற்கிறது. அதன் பழைய முதலாளி துணி துவைக்கும் மெஷின்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கியவர். கதவில் இன்னும் எழுத்து அழியவில்லை: 'சொன்ன நேரத்தில் டெலிவரி'.

சாதாரணப் பிக்கப்பின் முன்சக்கரம் மேலும் கீழுமாக ஏழெட்டு அங்குலம் போய்வரும். அதை வைத்துக்கொண்டே மனித இனம் இத்தனை காலம் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. நம்மவருக்கு அது போதவில்லை. பதினான்கு அங்குலம் வேண்டும். அதற்காகச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளை நீளமாக்கினார். கைகள் நீண்டதால் சக்கரங்கள் வெளியே தள்ளி நின்றன. சக்கரங்கள் தள்ளியதால் மட்கார்டை வெட்டினார். வெட்டியது கோணலானதால் மறுபக்கத்தையும் அதே கோணலுக்கு வெட்டினார். வண்டி இப்போது கையை ஊன்றிப் படுத்திருக்கும் தவளை மாதிரி அகன்று நிற்கிறது.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் பதில் தயார். "பள்ளம் வந்தா வீல் மட்டும் எறங்கணும், வண்டி எறங்கக் கூடாது. பாறை வந்தா வீல் மட்டும் ஏறணும். உள்ள உக்காந்திருக்கறவன் பாட்டுக்கு டீ குடிச்சிட்டு இருக்கணும்."

"ஊர்ல நல்ல ரோடு இருக்கே?"

"அதுல யாரு வேணா போவாங்க."

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு தியானம். பார்க்கிறவருக்குத்தான் தூக்கம் வரும். ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, அரை அங்குலம் ஏற்றுவார். நிறுத்துவார். டார்ச் அடித்து, எது எதோடு உரசுகிறது என்று பார்ப்பார். சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி அரை அங்குலம். எங்காவது இரும்பும் இரும்பும் முத்தமிட்டால் அந்த இடத்தைத் தேய்க்க ஒரு வாரம். ஐந்து மாதம் "பதிமூணே முக்கால்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கால் அங்குலம்தானே, பதினாலு என்று சொல்லிவிட்டுப் போனால் யார் வந்து அளக்கப்போகிறார்கள் என்று கேட்டவரிடம் மூன்று நாள் பேசவில்லை. "நாளைக்கு முடிஞ்சிடும்" என்று நான்கு வருடமாக மனைவியிடம் பொய் சொல்லலாம். அங்குலத்தில் பொய் சொல்லக் கூடாது. மனிதருக்கென்று ஒரு தர்மம் வேண்டாமா?

மனைவி பிசியோதெரபிஸ்ட். ஆக, அந்த வீட்டில் இரண்டு பேருமே மூட்டு பார்க்கிறவர்கள். நோயாளிகள் நாங்கள் 'அம்மா' என்று கூப்பிடும் அவரிடம் வரும் மூட்டுகளுக்கு வாய் உண்டு என்பது ஒன்றே வித்தியாசம். ஹாலில், சாப்பாட்டு மேசையின் மேல், கணவரின் கடையில் தள்ளுபடி விலைக்கு வந்த மெத்தையைப் போட்டு வைத்தியம் நடக்கிறது. என்னைப் போன்ற தோள்பட்டை வலிக்காரர்கள் ஜன்னல் ஓரம் முறைக்குக் காத்திருந்து, பொழுதுபோகாமல் ஷெட்டையே பார்த்திருப்போம். ஹாலுக்குப் போக மூன்று படி ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறும்போது, ஏற்கெனவே இருக்கும் வலியோடு புது வலி ஒன்றும் சேர்ந்துகொள்ளும். ஷெட்டுக்குப் படி கிடையாது. தெருவிலிருந்து நேராக உருட்டிக்கொண்டே போகலாம். அம்மாவுக்கு ஷெட்டு வேண்டும்.

நான்கு வருடம் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஒருநாள், ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிய நம்மவரின் முதுகே பிடித்துக்கொண்டு, அதே மேசையில் குப்புறப் படுத்திருந்த நேரம் பார்த்து அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. கல்குவாரி. இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போயி திரும்பி வரணும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. வந்துட்டா ஷெட்டு உங்களுக்கு. இல்லன்னா திங்கக்கிழமை நான் பெயிண்ட் அடிக்கிறேன்."

"திடீர்னு சொன்னா எப்படிம்மா?"

அம்மா கட்டைவிரலை முதுகில் ஒரு புள்ளியில் வைத்து அழுத்தினார். ஒப்பந்தம் கையெழுத்தானது.

கைவிடப்பட்ட அந்தக் குவாரியில் மாதக் கடைசி ஞாயிறுதோறும் இப்படிப்பட்டவர்கள் கூடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி நடந்துகொள்பவர் அம்மாவின் தம்பி. அவருடைய பிக்கப்பில் எல்லாம் கடையில் வாங்கி மாட்டியது. ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"என்னுது பன்னண்டு மாமா. கம்பெனி பன்னண்டு."

"கம்பெனி பன்னண்டுன்னா பத்தே முக்காலுன்னு அர்த்தம் மச்சான். ரப்பர நசுக்கி அளந்திருப்பாங்க."

"ஓடுற பன்னண்டு பெருசா, நிக்கிற பதினாலு பெருசா?"

இதைக் கேட்டதும் நம்மவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

சனிக்கிழமை மதியம் வண்டி வெளியே வந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவை. ஷெட்டில் டயருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் என்பதால் நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினோம். வெந்நீர்ப் பையைத் தோளில் கட்டிக்கொண்டே நோயாளிகள் தள்ளினார்கள். முற்றத்தில் நிறுத்தி, ஜாக்கி கொடுத்து மூக்கைத் தூக்கினார். முன்சக்கரங்கள் இரண்டும் கீழே இறங்கின, இறங்கின, இன்னும் இறங்கின. தெருவே பார்த்தது. அவர் முகத்தில் முதல் பிள்ளை பிறந்த களை.

அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து, முழங்காலைப் பிடிப்பதுபோல் டயரைப் பிடித்தார்.

"திருப்புங்க."

"என்னத்த?"

"ஸ்டியரிங்க. இந்தப் பக்கம். இன்னும். முழுசா."

சக்கரம் திரும்பத் திரும்ப, அதற்குள் போகும் கறுப்பு ரப்பர் குழாய் துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்தது. அம்மா அதை ஒரு விரலால் சுண்டினார்.

"இது என்னது?"

"பிரேக் ஓஸ்."

"அறுந்தா?"

"பிரேக் இருக்காது."

"என்கிட்ட வர்றவங்களும் கைய நேராத் தூக்கச் சொன்னா ஜோராத் தூக்குவாங்க. திருப்பச் சொன்னாத்தான் வண்டவாளம் வெளிய வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அரை அங்குலத்துக்கு ஒரு கோடு வீதம் சுவர் முழுக்க அளந்தவர், சக்கரத்தை நேராக வைத்தே அளந்திருக்கிறார். வேறு வழியில்லை. அந்தச் சுவர்தான் டயரைத் திரும்ப விடவில்லையே. புது ஓஸ் நீளமாகச் சொல்லி வரவழைக்க எட்டு நாள் ஆகும். ஞாயிறு மறுநாள்.

"ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றார் நம்மவர். "திருப்பாமலே ஓட்டிடறேன். நேராப் போயிட்டு நேரா வந்துடறேன்."

"திரும்பி எப்படி வருவீங்க?"

"ரிவர்ஸ்ல."

தோள்பட்டைகள் குலுங்க நாங்கள் சிரித்தோம். மருத்துவ ரீதியாக அது தவறு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு ஷெட்டு வேணுந்தான். அதுக்காக உங்களுக்கு மாவுக்கட்டு போட்டு, அதே ஷெட்டுல படுக்க வச்சு, நானே வைத்தியம் பாக்கணுமா? நாளைக்குப் போகணும்னா ஓஸ் இழுக்காத மாதிரி ஏதாவது செஞ்சிட்டுப் போங்க. முடியலையா, போகாதீங்க."

செய்வதற்கு ஒன்று இருந்தது. அதுதான் கொடுமை. சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து நிறுத்த, வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இரும்புக் கைக்கும் நடுவே தடித்த நைலான் பெல்ட் ஒன்று உண்டு. அதன் மேல்நுனியைச் சற்று உயரத்தில் வைத்துப் பற்றவைத்தால், ஓஸ் விறைப்பதற்கு முன்பே சக்கரம் நின்றுவிடும். அரைமணி நேர வேலை. உயிருக்கு ஆபத்தில்லை. பதினான்கு மட்டும் பதினொன்றாகிவிடும்.

மைத்துனருடையதைவிட ஒன்று குறைவு. கம்பெனி கணக்கு பொய் என்றே வைத்துக்கொண்டாலும், வெறும் கால் அங்குலம் அதிகம்.

முழங்கால் வலிக்காரர் ஒருவர் நல்ல மனசோடு, "பதினொண்ணும் நல்ல நம்பர்தான் சார்" என்றார். பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று கல்யாண மண்டபத்தில் சொன்னவரைப் பார்ப்பதுபோல் நம்மவர் அவரைப் பார்த்தார். பிறகு பம்பரில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நோயாளிகளுக்கு வைத்தியம் முடிந்தது. மூன்றாவது ஆள் மேசையில் ஏறும்போது வெளியே வெல்டிங் பொறி பறந்தது. முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முகமூடியின் வசதியே அதுதான்.

ஞாயிறு காலை குவாரி. அம்மா பக்கத்து சீட்டில் ஏறி, நோயாளிகளுக்குக் கொடுக்கும் கழுத்துப் பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கணவர் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு. நாங்கள் மூன்று பேர் மைத்துனரின் வண்டியில் பின்தொடர்ந்தோம். முதல் பள்ளத்தில் என் தலை கூரையில் இடித்தது, இரண்டாவதில் கூரை என் தலையில் இடித்தது.

முன்னால் போனது வேறு ரகம். குழிகள், உடைகல், லாரி உழுத பள்ளங்கள் எல்லாவற்றிலும் சக்கரங்கள் பைத்தியம் பிடித்தாற்போல் ஏறி இறங்கின. மேலே வண்டி, அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரி மாதிரி அசையாமல் போனது. சக்கரம் தொங்கும்போதெல்லாம் பெல்ட் 'டொக்' என்று பிடித்து நிறுத்தியது. அந்தச் சத்தம் அவருக்கு எங்கே கேட்டிருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த முனையைத் தொட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, புழுதி கிளப்பித் திரும்பி, வந்த வழியே வந்து நின்றார். கயிறு தேவைப்படவில்லை. பிரேக் பிடித்தது.

அம்மா கழுத்துப் பட்டையைக் கழற்றினார்.

"கழுத்து எப்படிம்மா இருக்கு?" என்றார் நம்மவர்.

"இருக்கு."

கூட்டம் கைதட்டியபடி வந்து சூழ்ந்துகொண்டது. நம்மவர் இறங்கி, வண்டியைப் பார்க்காமல் மனைவியிடம் முணுமுணுத்தார். "ஷெட்ட நீயே வச்சுக்க. அங்க வீலத் திருப்பவே முடியல. அந்தச் சுவரு நாலு வருசமா என்னை ஏமாத்தியிருக்கு." தியாகம் செய்கிற குரலில் சொல்லவில்லை; துரோகம் செய்த கூட்டாளியை விலக்கிவைக்கிற குரல். அம்மா அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

மைத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "மாமா, ஒத்துக்கறேன். ஓடிடுச்சு. நாலு வருசமா சொல்லிட்டே இருந்தீங்களே, இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. உங்க வீலு எவ்வளவு போகுது?"

இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் வலது கையை நெஞ்சுக்கு நேராகக் குப்புற நீட்டினார், அதற்குக் கீழே இடது கையை மல்லாத்தினார். நடுவில் சரியாகப் பதினொரு அங்குலம். அளந்து பார்க்கவே வேண்டாம்.

பக்கத்தில் நின்ற அம்மா தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கணவரின் இடது மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, வலிக்காமல், மெதுவாக, மூன்று அங்குலம் கீழே இறக்கி, அங்கேயே பிடித்துக்கொண்டார்.