சுறா எண்ணெயும் ஒரு பித்தளைத் துண்டும்

என் வீட்டில் மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போல மின்னும். மறுபக்கம் நாய் குதறிய எலும்பு மாதிரி கிழிந்து, பச்சை ஏறிக் கிடக்கும். வருகிறவர்கள் ஏதோ நேர்ச்சைப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். என் அண்ணன் கொண்டுவந்த எண்ணெயை என் வீட்டுக்காரர் சோதித்துப் பார்த்த துண்டு அது.

நான் உவரிக்காரி. தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடத்தில், ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் ஓடிய நூல் ஆலையொன்றில் மிஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்தவருக்கு வாக்கப்பட்டு, கடலை விட்டு வந்தேன். ஜெர்மன் சண்டையில் கப்பல்கள் நின்றபோது சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மிஷின் எண்ணெயும் நின்றுபோனது. எண்ணெய் இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். சூடேறிப் பொறி பறந்தால், சுற்றிலும் பஞ்சு. உள்ளூரில் கிடைக்கிற எண்ணெய்களில் எது தாங்கும் என்று பார்க்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. பட்டறை மூலையில் ஓர் இரும்பு உருளையை எண்ணெயில் தோயத் தோயச் சுழலவிட்டு, அதன்மேல் பித்தளைத் துண்டை அழுத்தி வைத்து, பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவார். கிறீச்சென்று கத்தினால் அந்த எண்ணெய் தோற்றது. ஆமணக்கெண்ணெய் தேறியது, ஆனால் வேண்டிய மட்டும் கிடைக்கவில்லை. புன்னை எண்ணெய் பிசினாகிவிட்டது.

அப்போதுதான் அண்ணன் சுறா ஈரல் எண்ணெயோடு வந்தான். தூண்டிலில் விழுந்த ஒரு பெரிய சுறா இழுத்த இழுப்பில் அவனுடைய வலது தோள் விலகிப்போயிருந்தது. துடுப்புப் போட்டால் பாதியில் கை விழுந்துவிடும். ஆலைக்காரர்கள் அவனுடைய எண்ணெயை எடுத்துக்கொண்டால் கரையில் ஈரல் காய்ச்சியே பிழைத்துக்கொள்வான், கட்டுமரம் ஏற வேண்டாம். ஒரு செம்பு மீனெண்ணெய்க்காக யாராவது மாதாவிடம் அழுவார்களா? நான் அழுதேன்.

சோதனையன்று பாரம் ஏற ஏற உருளை முனகாமல் சுழன்றதாம். நாற்றத்துக்கு ஆலைப் பூனைகளெல்லாம் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டனவாம். "எம்புட்டு பாரம் வச்சாலும் தாங்குது மச்சான்" என்று அவரே சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்தத் துண்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, வேட்டியில் துடைத்து என் முன்னால் நீட்டினான். "பாருளா, ஒன் மூஞ்சி தெரியுதா?" தெரிந்தது. அவன் முகமும் பக்கத்தில் தெரிந்தது. ஊருக்குப் போனவன் ஈரல் காய்ச்சப் பெரிய கொப்பரை ஒன்றைப் பிடித்து அடுப்பேற்றிவிட்டான்.

என் வீட்டுக்காரர் அத்தோடு விடவில்லை. ஒரு நாள் தாங்கினால் போதாது, மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்று அதே எண்ணெயைச் சூட்டிலேயே போட்டு வைத்தார். சில வாரத்தில் அது புளித்து, பிசுபிசுத்து, பித்தளையைப் பச்சையாக அரிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்த துண்டைப் பட்டறைக்கு எடுத்துப்போய், அந்த எண்ணெயை ஊற்றி, மறுபக்கம் திருப்பி வைத்துப் பார்த்தால், பாதிப் பாரத்திலேயே கத்தித் தீர்த்துவிட்டது. துண்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

"மொத நாள் தாங்குனத மட்டும் சொல்லப்படாதா?" என்றேன்.

"அந்த மிஷின் முன்னால எம்புட்டு பொம்பளைய நிக்காவ. பஞ்சு பத்திக்கிட்டா ஓட வாசல் ஒண்ணுதான் இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

ஆள் அனுப்பாமல் தானே வண்டி கட்டி உவரிக்குப் போய்ச் சொன்னார். அண்ணன் கோபப்படவில்லை. "நீரு என்னவே செய்வீரு? இரும்பு சொன்னதத்தான சொல்லுதீரு" என்று சொல்லி, எனக்காக உடன்குடிக் கருப்பட்டியும் கொடுத்தனுப்பினான். அடுப்பு அணைந்தது. ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, விலகிய தோளோடு அண்ணன் கடலுக்குப் போனான். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது.

துக்கம் கேட்டுத் திரும்பி வந்த அன்றே துண்டை மாதா காலடியில் வைத்தேன், மின்னுகிற பக்கம் மேலே தெரிய. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கிழிந்த பக்கத்தை மேலே திருப்பி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் நான் மாற்றினேன். காலையில் அவர் மாற்றினார். அவர் வேலையை விட்ட பிறகும் இது நிற்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதனாலேயே என் கோபம் போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

போன தை மாதம் அவரும் போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு பார்த்தேன். முந்தின நாள் நான் வைத்தபடியே துண்டு மின்னிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் நான் கேட்டது இதைத்தானே, பார்க்கத்தான் முடியவில்லை. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் கிழிந்த பக்கத்தை நானே மேலே திருப்பி வைத்துவிடுகிறேன்.